தாமதத்திற்கு ஒரு மதிப்பெண்: ஃபுட்பேக் வித்தைகளின் பெயரும் எண்ணும்

உள்ளங்கையில் அடங்குகிற ஒரு சின்னப் பை. உள்ளே பிளாஸ்டிக் மணிகளோ மணலோ. அதைக் கையால் தொடக்கூடாது. காலால் தட்டித் தட்டிக் கீழே விழாமல் வைத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு. அமெரிக்கக் கல்லூரிப் புல்வெளிகளில் பையன்கள் வட்டமாக நின்று இதை உதைத்துக்கொண்டிருப்பதைச் சினிமாக்களில் பார்த்திருக்கலாம். 'ஹாக்கி சாக்' என்பார்கள். இதைப்பற்றி ஒரு கட்டுரையில் எழுத என்ன இருக்கு என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுகிறேன்: 'ப்ளர் என்பது ஸ்டெப்பிங் பேரடாக்ஸ் மிராஜ், நாலு ஆட்.'

இந்த விளையாட்டின் ஃப்ரீஸ்டைல் பிரிவில் இருப்பவர்கள் இப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நடந்து முடிந்துவிடுகிற காரியம் அது. பை மேலே போகிறது, கால்கள் காற்றிலேயே இரண்டுமுறை அதைச் சுற்றி வருகின்றன, பை பாதத்தின்மேல் வந்து உட்காருகிறது. வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒரு மங்கல் தெரிகிறதே தவிர வேறொன்றும் புரியாது ('ப்ளர்' என்றாலே மங்கல்தான்). வீடியோவில் முதல்தடவை பார்த்தபோது எனக்கும் அப்படித்தான். ஆனால் உள்ளே இருப்பவர்களுக்கு அந்த மங்கலுக்குள் உறுப்புகள் தெரிகின்றன, உறுப்புகளுக்கு ஒரு வரிசை தெரிகிறது, வரிசைக்கு ஒரு கூட்டல் கணக்கு தெரிகிறது. ஒரு மொழி இருக்கிறது என்று அர்த்தம். உடல் செய்கிற ஒன்றை யார் பெயரிட்டு அழைக்கிறார்கள், யார் அதை வெட்டித் துண்டாக்கி எண் போடுகிறார்கள் என்ற கேள்வியைத் தொழிற்சாலையை வைத்தும் சிறைச்சாலையை வைத்தும் நாம் நிறையப் பேசியாகிவிட்டது. பொழுதுபோகாத பையன்களின் ஆட்டத்தை வைத்து ஒருமுறை பேசிப் பார்க்கலாம்.

கதை 1972இல் ஆரகன் மாநிலத்தின் ஆரகன் சிட்டியில் தொடங்குகிறது. ஜான் ஸ்டால்பர்கர் என்ற இளைஞர் முழங்கால் அடிபட்டுத் தேறிக்கொண்டிருந்தார். மைக் மார்ஷல் என்ற நண்பர் கையால் தைத்த ஒரு சின்னப் பையை உதைத்துக்கொண்டிருந்தார். காலுக்குப் பயிற்சியாகவும் இருக்கும், பொழுதும் போகும் என்று இருவரும் சேர்ந்து உதைக்க ஆரம்பித்தார்கள். 'போய்ப் பையைத் தட்டலாம் வா' என்று ஒருவரையொருவர் கூப்பிட்ட வினைச்சொல்லே, அதாவது 'ஹாக்' பண்ணுவதே, பிறகு பெயராகிப்போனது. மார்ஷல் 1975இல் மாரடைப்பில் இறந்தார். வயது 28. ஸ்டால்பர்கர் விடாமல் பையை மேம்படுத்தி, 1979இல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கி, 1983இல் வேம்-ஓ கம்பெனிக்கு விற்றார். ஹூலா ஹூப்பையும் ஃபிரிஸ்பீயையும் விற்ற அதே கம்பெனி.

விற்கப்பட்டது என்ன என்று பார்க்கவேண்டும். பையின் கட்டுமானமும் 'ஹாக்கி சாக்' என்ற பெயரும் விற்கப்பட்டன. இரண்டு பேர் ஒருவரையொருவர் விளையாடக் கூப்பிட்ட சொல் வணிகச் சின்னமாயிற்று. எனவே சங்கம் வைக்கவும் போட்டி நடத்தவும் விரும்பியவர்கள் 'ஃபுட்பேக்' என்ற பொதுப்பெயரில் நின்றுகொண்டார்கள். ஃபிரிஸ்பீக்கும் இதே கதிதான்: அதை வைத்து அணிபிரித்து ஆடுகிறவர்கள் தங்கள் ஆட்டத்தை வெறும் 'அல்டிமேட்' என்றும் தட்டை 'டிஸ்க்' என்றும் சொல்லவேண்டி வந்தது. ஆடுகிற பொருளின் பெயர் ஆடுகிறவன் வாயிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டால் அவன் வேறு சொல் தேடிக்கொள்கிறான். கம்பெனி எடுக்க முடியாத இடம் ஒன்று இருந்தது, காலின் அசைவு. அங்கேதான் ஆட்டக்காரர்கள் பெயர்களை வைக்கத் தொடங்கினார்கள்.

அசைவை எடுக்கவே முடியாது என்று நாம் சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். முயற்சிகள் நடந்திருக்கின்றன. பிக்ரம் சௌத்ரி தன்னுடைய 26 ஆசனங்களும் இரண்டு மூச்சுப்பயிற்சிகளும் சேர்ந்த வரிசைக்கு அமெரிக்காவில் பதிப்புரிமை கேட்டு வழக்காடினார். 2015இல் ஒன்பதாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், அது ஒரு செயல்முறை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்றது. இந்தப் பக்கம் இந்திய அரசு 2001 முதல் பாரம்பரிய அறிவுக்கான மின்னூலகம் ஒன்றை உருவாக்கி, மருந்துகளோடு ஆசனங்களையும் பெயர் பெயராகப் பட்டியலிட்டது. வேறு யாரும் காப்புரிமை என்று வந்து நிற்காமல் இருக்க, ஏற்கெனவே பெயர் இருக்கிறது பார் என்று காட்ட. பட்டியல் போடுவது எப்போதும் அதிகாரத்தின் வேலை என்று சொல்லிப் பழகிவிட்டோம். சில சமயம் அது வேலி. அந்த வேலியைப் போடுவதும் ஒரு அரசுதான் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஃபுட்பேக் பெயர்களுக்கு வருவோம். எந்த ஒழுங்கும் இல்லாத குவியல் அது. மிராஜ், இல்யூஷன் என்று கானலும் மாயையும் ஒரு பக்கம். பட்டர்ஃப்ளை, வேர்ல் என்று வண்ணத்துப்பூச்சியும் சுழலும் ஒரு பக்கம். அடாமிக், நியூக்ளியர், குவாண்டம் என்று அணுவிஞ்ஞானம். பிக்ஸி, ஃபேரி என்று குட்டிதேவதைகள். மோபியஸ் என்று ஒரே பக்கம் கொண்ட கணிதப் பட்டை. சிம்போசியம் என்று ஒன்று, கருத்தரங்கில் போய் உட்கார்ந்தால் கால் தரையில் படாது என்பதாலோ என்னவோ, இரண்டு காலும் தரையைவிட்டு எழும்பியிருக்கும்போது செய்வது. பிளெண்டர் என்றொரு வித்தை இருக்கிறது, நம் வீட்டு மிக்சிதான். அதையே இன்னும் இரண்டு படி கடினமாக்கினால் அதன் பெயர் ஃபுட் ப்ராசஸர். யாரோ ஒருத்தர் சமையலறையில் நின்று யோசித்திருக்கிறார்.

போர்ஹே கற்பனை செய்த சீனக் கலைக்களஞ்சியத்தை வைத்து ஃபூக்கோ 1966இல் தன் புத்தகத்தைத் தொடங்கியது நம் சிறுபத்திரிகைகளில் அடித்துத் துவைத்துக் காயப்போட்ட உதாரணம். அதை மறுபடி எடுக்க மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லவேண்டும். ஐரோப்பிய விளையாட்டுகளின் பெயரிடும் முறை இப்படி இல்லை. பனிச்சறுக்கில் ஆக்ஸல் என்பது ஆக்ஸல் பால்சன், சால்கோ என்பது உல்ரிக் சால்கோ. ஜிம்னாஸ்டிக்ஸில் சுகஹாரா, யுர்சென்கோ, கோர்புட். முதலில் செய்தவர் பெயர் வித்தைக்கு வைக்கப்படுகிறது; அதுவும் அதிகாரபூர்வமான போட்டியில், விண்ணப்பம் கொடுத்து, நடுவர்முன் செய்துகாட்டினால்தான் பெயர் விதிநூலில் ஏறும். பட்டா மாற்றுகிற மாதிரி. ஃபுட்பேக்கில் ஆள்பெயர் மிகக் குறைவு. அங்கே ஒருவன் வித்தையைக் கண்டுபிடித்தால் அவனுக்குக் கிடைப்பது அதற்குப் பெயர் வைக்கிற உரிமை. தன் பெயரையே வைப்பது வழக்கமில்லை. பெயர் வைத்துவிட்டு அவன் மறைந்துவிடுகிறான், பெயர் வட்டம் வட்டமாகப் போகிறது. 1990களில் வீடியோ கேசட்டும் பிறகு இணையமும் இந்தப் பெயர்களைக் கடல்தாண்டிக் கொண்டுபோயின. பல உலகப் பட்டங்களை வென்ற வாட்ஸ்லாவ் க்ளௌடா செக் நாட்டுக்காரர். ஆனால் அவர் செய்ததும் மிராஜ்தான், பிளெண்டர்தான். ஆரகனின் ஆங்கிலம் அவர் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆங்கிலத்தை நான் இங்கே தமிழாக்காமல் அப்படியே எழுதுவதற்கும் இதுதான் காரணம். தமிழில் யாரும் அந்த வித்தையைச் செய்து பெயர் வைக்கவில்லை, வைக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

குவியல் பெருகப்பெருக ஒரு சிக்கல் வந்தது. பெயரைக் கேட்டால் வித்தை புரியவேண்டுமே. 'ப்ளர்' என்று சொன்னால் பார்த்தவனுக்குத் தெரியும், பார்க்காதவனுக்கு? இங்கேதான் இரண்டாவது அடுக்கு உருவாகிறது. ஒரு அடிப்படை வித்தையை எடுத்துக்கொண்டு அதற்கு முன்னால் அடைமொழிகளைச் சேர்ப்பது. டக்கிங் என்றால் பை தலையைச் சுற்றிப் போகும்படி குனிவது. ஸ்பின்னிங் என்றால் முழுச்சுற்று சுற்றுவது. ஸ்டெப்பிங் என்றால் தொடக்கத்திலேயே ஒரு கால்சுற்று. 'ஸ்டெப்பிங் பேரடாக்ஸ் மிராஜ்' என்று சொன்னால், செய்யத் தெரியாதவனும் மெல்ல மெல்லக் கூட்டிப் புரிந்துகொள்ளலாம். ப்ளர் அழைக்கும் பெயர். மற்றது விவரிக்கும் பெயர்.

தாவரவியலில் இந்த இரண்டும் நெடுங்காலம் ஒன்றாகவே கிடந்தன. ஒரு செடியின் பெயர் என்றால் தண்டு எப்படி, முள் உண்டா, இலை எப்படி வெட்டுப்பட்டிருக்கிறது என்று ஒரு முழநீளச் சொற்றொடர். லினேயஸ் 1753இல் வெளியிட்ட தாவரப் பட்டியலில் அந்த நீண்ட சொற்றொடரை வைத்துக்கொண்டே பக்கத்தில் இரண்டு சொல்லில் ஒரு சின்னப் பெயரையும் போட்டார். விவரிக்கிற வேலையிலிருந்து பெயருக்கு விடுதலை. ஃபுட்பேக் இதே இடத்துக்கு எதிர்த்திசையிலிருந்து வந்து சேர்ந்தது. அங்கே செல்லப்பெயர் முதலில். விவரிக்கும் சொற்றொடர் பின்னால். வேடிக்கை என்னவென்றால் விவரிக்கும் மொழியே செல்லப்பெயர்களைத் தின்று வளர்ந்தது. ஸ்டெப்பிங்கும் பேரடாக்ஸும் சேர்ந்தே அடிக்கடி வந்ததால், அந்த இரண்டுக்கும் சேர்த்து 'ப்ளர்'ரிலிருந்து 'ப்ளரி' என்று ஒரு அடைமொழி பிறந்தது. ப்ளரி வேர்ல் வந்தது, ப்ளரி பிளெண்டர் வந்தது. முன்பு சொன்ன ஃபுட் ப்ராசஸர் அந்தக் கடைசிதான். பெயர்ச்சொல் அடைமொழியாகி, அடைமொழி மறுபடி பெயர்ச்சொல்லாகி! எந்த மொழியிலும் நடப்பதுதான். இலக்கணம் எழுத யாரும் உட்காராத இடத்தில் நடந்தது என்பது விசேஷம்.

'பேரடாக்ஸ்' என்ற உறுப்பிடம் கொஞ்சம் நிற்க ஆசை. அது தனியான ஒரு அசைவு அல்ல. கிளிப்பர் என்ற நிலையிலிருந்து, அதாவது ஒரு காலை மற்றக் காலுக்குப் பின்னால் குறுக்காகக் கொண்டுபோய்ப் பாதத்தின் உட்பக்கத்தில் பையை வாங்கியிருக்கிற நிலையிலிருந்து, பையை மேலே எறிந்து குறிப்பிட்ட ஒரு காலால் சுற்றவேண்டுமென்றால், இடுப்பு பையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. அந்தத் திருப்பத்துக்குத்தான் பேரடாக்ஸ் என்று பெயர். தொடங்கிய இடம் வேறாக இருந்தால் அதே கால்சுற்றில் அது இல்லை. உறுப்பில் இல்லாமல் இரண்டு உறுப்புகளுக்கு நடுவில் இருக்கும் ஒன்று. அர்த்தம் குறியில் இல்லை, குறிகளுக்கு இடையிலுள்ள வேறுபாட்டில் இருக்கிறது என்று சசூரை மேற்கோள் காட்டி எத்தனை கட்டுரை எழுதியிருப்போம்! இந்தப் பையன்கள் சசூரைப் படித்திருக்கத் தேவையில்லை. இடுப்பு வலித்திருக்கும், கண்டுபிடித்துவிட்டார்கள்.

மூன்றாவது அடுக்கு எண். 'ஆட்' என்பது கூடுதல் கடினத்தின் அளவைக் குறிக்கும் சுருக்கம். கூட்டல் என்ற பொருளும் அதிலேயே இருக்கிறது. பையைக் காலில் வாங்கி நிறுத்தினால் ஒன்று. அது குறுக்குக்காலாக இருந்தால் இன்னொன்று. காற்றில் பையைக் கால் சுற்றினால், டெக்ஸ் என்பார்கள், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்று. உடலைத் திருப்பினால், குனிந்தால், குதித்தால் ஒன்று. பேரடாக்ஸுக்கு ஒன்று. மிராஜில் ஒரு சுற்று, ஒரு நிறுத்தம், எனவே 2. பட்டர்ஃப்ளையில் சுற்று, குறுக்கு, நிறுத்தம், 3. மிராஜோடு ஸ்டெப்பிங்கும் பேரடாக்ஸும் சேர்ந்தால் 4, அதுதான் நாம் தொடங்கிய ப்ளர். இதையெல்லாம் வரிவடிவில் எழுத பென் ஜாப் என்ற ஆட்டக்காரர் ஒரு குறியீட்டு முறையை உருவாக்கினார். எந்த நிலையிலிருந்து எறிவு, எந்தப் பக்கத்துக் கால், உள்ளிருந்தா வெளியிலிருந்தா, எங்கே நிறுத்தம் என்று இடமிருந்து வலமாக, ஒவ்வொரு 'ஆட்'டுக்கும் அடைப்புக்குறிக்குள் ஒரு முத்திரையோடு. இன்றும் அந்த முறை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. வித்தைகளில் ஆள்பெயர் அரிது, எழுத்துமுறைக்கு ஆள்பெயர் வந்துவிட்டது!

எழுதத் தொடங்கியதும் எழுத்தின் பிசாசு வெளியே வருகிறது. இதுவரை யாரும் செய்யாத வித்தையையும் எழுதலாம். கட்டத்தில் காலியிடம் தெரிகிறது. அங்கே ஒன்று இருக்கவேண்டும், போய்ச் செய்துபார். 1985 வாக்கில் பந்தெறி வித்தைக்காரர்களிடமும் இதுவே நடந்தது. கலிபோர்னியாவில் இரண்டு இடங்களிலும் கேம்பிரிட்ஜிலுமாக, ஒருவரையொருவர் அறியாமல், ஒவ்வொரு எறிவுக்கும் ஒரு இலக்கம் என்ற 'சைட்ஸ்வாப்' முறையைக் கண்டுபிடித்தார்கள். 441 என்று எழுதினால் சராசரி 3. எனவே மூன்று பந்தால் அது முடியும். கை அறியாததைக் கணக்கு முதலில் அறிந்தது. 1994இல் கணிதச் சஞ்சிகையில் தேற்றமே எழுதிவிட்டார்கள்.

உடலின் அசைவை உறுப்புறுப்பாகப் பிரிப்பது, ஒவ்வொன்றுக்கும் குறி போடுவது, எண்ணிப் பார்ப்பது. இந்தக் கத்தியை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம். ஃப்ராங்க் கில்பிரெத் 1885இல், 17 வயதில், பாஸ்டனில் கொத்துவேலை கற்றுக்கொள்ளப் போனார். ஒரு விஷயம் அவரை உறுத்தியது. கொத்தனார் வேலை கற்றுத்தரும்போது ஒரு விதமாகவும், நிதானமாகக் கட்டும்போது வேறு விதமாகவும், அவசரத்தில் இன்னொரு விதமாகவும் கையை அசைக்கிறார். எது சரியான முறை? பிற்காலத்தில் அவரும் மனைவி லில்லியனும் சேர்ந்து, தொழிலாளியின் விரலில் சின்ன பல்பு கட்டி, பக்கத்தில் கடிகாரம் வைத்து, படம் பிடித்து, கையின் எல்லாக் காரியங்களையும் ஏறக்குறைய 18 அலகுகளாகப் பிரித்தார்கள். தேடுதல், பற்றுதல், கொண்டுபோதல், விடுதல், இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னம், ஒரு நிறம். அலகின் பெயர் 'தெர்ப்லிக்'. தங்கள் குடும்பப்பெயரை ஏறக்குறையத் திருப்பிப் போட்டு வைத்தது. ஒரு செங்கல்லை வைக்க 18 அசைவு ஆகிக்கொண்டிருந்ததைக் கில்பிரெத் 5 ஆக்கினார், மணிக்கு 120 கல் கட்டியவன் 350 கட்டினான் என்று டெய்லர் 1911இல் தன் புத்தகத்தில் பெருமையாக எழுதுகிறார். கொத்தனாரின் கூலி மூன்று மடங்கு ஆனதாக அங்கே பேச்சில்லை.

தெர்ப்லிக் பட்டியலில் இரண்டு அலகுகள் இருக்கின்றன: தவிர்க்க முடியாத தாமதம், தவிர்க்கக்கூடிய தாமதம். இரண்டாவதைப் பிடித்து ஒழிப்பதற்குத்தான் மொத்தப் பட்டியலும். 'தாமதம்' என்பதற்கு அவர்கள் போட்ட ஆங்கிலச் சொல் டிலே. ஃபுட்பேக்கில் பையைக் காலில் வாங்கி ஒரு கணம் நிறுத்துகிறோமே, அதன் பெயர் என்ன தெரியுமா? டிலே. அதற்கு ஒரு ஆட்.

இதைக் கவனித்தபோது எனக்குக் கொஞ்சநேரம் வேறு எதுவும் ஓடவில்லை. அதே சொல், அதே கத்தி. ஒரு பக்கம் அதற்குக் கூலிவெட்டு, இன்னொரு பக்கம் மதிப்பெண். தொழிற்சாலை அசைவைப் பிரித்தது கழிப்பதற்கு. வட்டத்தில் நின்றவர்கள் பிரித்தது கூட்டுவதற்கு. பை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குப் போக எளிய வழி இருக்கும்போது, நடுவில் இரண்டு சுற்று, ஒரு குனிவு, ஒரு இடுப்புத்திருப்பம் என்று வீண் அசைவுகளாகச் சேர்த்துக்கொண்டே போவதுதான் ஃப்ரீஸ்டைல். கில்பிரெத்தின் கண்ணில் இது முழுப் பைத்தியம். மார்சல் மாஸ் 1934இல் உடலின் உத்திகள் பற்றிப் பேசியபோது, முதல் உலகப்போரில் ஆங்கிலச் சிப்பாய்களால் பிரெஞ்சு மண்வெட்டியை வைத்துத் தோண்ட முடியவில்லை, படைப்பிரிவு மாறும்போதெல்லாம் 8000 மண்வெட்டிகளை மாற்றவேண்டி வந்தது என்று சொன்னார். நடப்பதும் நீந்துவதும் தோண்டுவதும் சமூகம் கற்றுத்தருபவை. மாஸிடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம்: பயனில்லாமல் அசைவதையும் சமூகம்தான் கற்றுத்தருகிறது, அதற்கும் சொல் வேண்டும், கூட்டாளி வேண்டும், இலக்கணம் வேண்டும்.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் நம்மைப் போன்றவர்களுக்கு வசதியாக இருக்கும். மேலிருந்து வரும் வகைப்பாடு அடக்குமுறை, கீழிருந்து வரும் வகைப்பாடு விடுதலை. கைத்தட்டல். ஆனால் விஷயம் அங்கே நிற்கவில்லை.

ஆட் எண்ணத் தொடங்கிய பிறகு அந்தச் சமூகத்துக்குள் ஒரு சொல் புழங்க ஆரம்பித்தது: 'கில்ட்லெஸ்'. குற்றமற்ற. தொடர்ச்சியாகப் பல வித்தைகளை இணைத்துச் செய்யும்போது, அதில் எந்த ஒன்றும் 3 ஆட்டுக்குக் குறையாமல் இருந்தால் அது குற்றமற்ற தொடர். நடுவில் மூச்சுவாங்க ஒரு மிராஜ் போட்டால் போச்சு. இன்னும் மேலே ஏறினால் அச்சமற்றது என்ற பொருளில் 'ஃபியர்லெஸ்' என்று ஒரு படி. எளிய வித்தை எப்போது குற்றமாயிற்று? யாரும் சட்டம் போடவில்லை. விளையாட்டாகச் சொன்ன சொல்தான். ஆனால் வெறும் கூட்டலாக இருந்த எண் ஒழுக்கமாக மாறுகிற கணம் அதில் பதிவாகியிருக்கிறது. வேறு எந்தக் காப்பகமும் இவ்வளவு துல்லியமாகப் பதிந்துவைக்காது.

அடுத்தது கடிகாரம். ஷ்ரெட் 30 என்ற போட்டியில் 30 விநாடி கொடுக்கிறார்கள். அதற்குள் செய்த வித்தைகளின் ஆட்களைக் கூட்டுகிறார்கள். திரும்பச் செய்யாமல் வெவ்வேறாகச் செய்ததற்கு மதிப்பு கூடும். தாமதத்தை மதிப்பாக்கிய ஆட்டத்தில் தாமதிக்க முடியாத போட்டி. பாட்டுக்கு ஆடிக்காட்டும் பிரிவும், வட்டமாக நின்று ஆடும் பிரிவும் இல்லாமல் இல்லை. ஆனால் எண்ணக்கூடியது எண்ணமுடியாததை மெல்ல ஓரங்கட்டுவது எல்லாத் துறையிலும் பார்த்ததுதான். பை எவ்வளவு உயரம் போயிற்று, இறங்கும்போது உடல் எப்படித் தளர்ந்தது, ஒரு அசைவு அடுத்ததற்குள் எப்படி வழுக்கிப் போயிற்று. இதற்கெல்லாம் ஆட் கிடையாது. மெதுவாக, அழகாகச் செய்த மிராஜுக்கும் 2, அரைகுறையாகத் தப்பித்த மிராஜுக்கும் 2.

வகைப்பாட்டில் இன்னொரு முத்திரை உண்டு: 'வழக்கமில்லாத இடம்'. உள்ளங்கால் போன்ற இடத்தில் பையை வாங்கி நிறுத்தினால் அதற்கு ஒரு ஆட் கூடும். யாருடைய வழக்கம்? பர்மாவுக்குப் போனால் சின்லோன் என்று ஒரு ஆட்டம் இருக்கிறது. பிரம்பால் பின்னிய பந்து, ஆறுபேர் வட்டமாக நடந்துகொண்டே ஆடுவது, நடுவில் ஒருவர், மற்றவர்கள் அவருக்குப் பந்தை எடுத்துக்கொடுப்பவர்கள். எதிரணி கிடையாது. பந்தைத் தொடக்கூடிய ஆறு இடங்கள்: பாதத்தின் முன்பகுதி, உட்பக்கம், வெளிப்பக்கம், உள்ளங்கால், குதிகால், முழங்கால். உள்ளங்கால் அங்கே பட்டியலின் சாதாரண உறுப்பினர். ஆரகனில் அது விதிவிலக்கு, அதற்குக் கூடுதல் சம்பளம். எந்த அட்டவணையிலும் 'இதர' என்ற கட்டத்தைப் போய்ப் பாருங்கள், அட்டவணை போட்டவர் எங்கே நின்றார் என்று தெரிந்துவிடும்.

சின்லோனையும் சும்மா விடவில்லை. 1953இல் பர்மா தடகளச் சங்கம் அதற்கு ஒரு விதிநூல் எழுதவைத்தது; அதே ஆண்டு ரங்கூனில் அதிகாரபூர்வமான முதல் போட்டி நடந்தது. ஜெயிப்பதும் தோற்பதும் இல்லாத ஆட்டத்துக்கு மதிப்பெண் வேண்டுமென்றால், அசைவுகளைப் பெயர்வாரியாக வரிசைப்படுத்தாமல் முடியாது. சுதந்திரம் வாங்கி ஐந்து வருஷமே ஆன நாடு, தன்னுடையது என்று சொல்ல ஒரு விளையாட்டு வேண்டும் என்று நினைத்ததில் தப்பில்லை. 2013இல் தென்கிழக்காசிய விளையாட்டுகள் அங்கே நடந்தபோது சின்லோன் பதக்கப் பட்டியலில் ஏறியது.

எண் முழுக்க அதிகாரிகள் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஜிம்னாஸ்டிக்ஸ் இருக்கிறது. 2019இல் சிமோன் பைல்ஸ் சமநிலைக் கட்டையிலிருந்து இரண்டு குட்டிக்கரணமும் இரண்டு முறுக்குமாக இறங்கும் வித்தையைச் செய்தார். வேறு எவரும் போட்டியில் செய்யாதது. சர்வதேசக் கூட்டமைப்பு அதற்குக் கொடுத்த மதிப்பு, ஆட்டக்காரர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. மற்றவர்கள் ஆபத்தில் இறங்காமல் இருக்கத்தான் என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்ஸுக்குச் சில வாரங்களுக்கு முன், தாமஸ் சால்டோ என்ற வித்தையைப் பயிற்சி செய்கையில் கழுத்து முறிந்து, 2006இல் இறக்கும்வரை படுக்கையிலேயே கிடந்தார் எலேனா முகினா. ஆண்களின் விதிநூலிலிருந்து வந்த வித்தை அது. மதிப்பு அதிகம் என்பதால் அவர்மேல் ஏற்றப்பட்டது. பிற்பாடு தடை செய்தார்கள். எண்ணைக் கூட்டியும் ஆளைக் கொல்லலாம், எண்ணைக் குறைத்தும் ஆளை மறைக்கலாம். யாரைக் கேட்டுக் கூட்டுகிறார்கள், யாரைக் கேட்டுக் குறைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம். ஃபுட்பேக்கில் குறைந்தபட்சம் பேரடாக்ஸுக்கு ஒரு ஆட் கொடுக்கலாமா என்று விவாதித்தவர்கள் தங்கள் இடுப்பை வைத்து விவாதித்தார்கள். கில்ட்லெஸ் என்ற சொல்லும் அதே வாயிலிருந்துதான் வந்தது என்பதையும் மறக்காமல்தான் இதைச் சொல்கிறேன்.

போட்டிக்குப் போகாதவர்கள் இன்னும் எங்கேயோ வட்டமாக நின்று உதைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு ஆட் தெரியாது, பேரடாக்ஸ் தெரியாது. அவர்களிடம் இருக்கிற கணக்கு ஒன்றே ஒன்று: பை கீழே விழுவதற்குள் வட்டத்தில் இருக்கிற எல்லார் காலும் ஒருமுறையாவது பட்டுவிட்டால் அது ஒரு 'ஹாக்'. கம்பெனிக்குப் போன அந்தப் பழைய வினைச்சொல் இங்கே இந்த அர்த்தத்தில் மிச்சமிருக்கிறது. எழுதாத சட்டங்கள் இரண்டு உண்டு. பையை விட்டுவிட்டால் 'ஸாரி' சொல்லக்கூடாது. சொன்னால்தான் திட்டு விழும். கீழே கிடப்பதை எடுக்கிறவர் அதைத் தன் காலுக்கே போட்டுக்கொண்டு தொடங்கக்கூடாது. வட்டத்தில் வேறு யாருக்காவதுதான் போடவேண்டும்.